ஐஸ் பெட்டியில் போகும் ரத்தம்

கேள்வி: அம்மாவுக்கு 46 வயது. கோத்தகிரி அருகே தேயிலை பறிக்கிறார். மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் 160/100-க்குக் கீழே இறங்கவில்லை. பொட்டாசியம் 3.1, குறைவு. ஹார்மோன் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவரோ 'ஃபுல் ஹார்மோன் பேக்கேஜ்' என்றால் தள்ளுபடி என்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அம்மாவுக்குத் தேவை இரண்டே இரண்டுதான்: ஆல்டோஸ்டீரோன், ரெனின். பேக்கேஜ்களில் தைராய்டு, வைட்டமின் எல்லாம் இருக்கும். அம்மாவுக்குத் தேவையான இந்த இரண்டும் பெரும்பாலும் இருக்காது.

பிரஷர் குறைந்தால் சிறுநீரகம் ரெனினைச் சுரக்கும். அதன் தொடர்ச்சியாக, சிறுநீரகத்தின் தலையில் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டீரோனை விடும். அது உப்பைப் பிடித்துவைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளும், பிரஷர் ஏறும். சிலருக்கு ரெனின் அடங்கிக் கிடந்தாலும் அட்ரினல் தன்பாட்டுக்குச் சுரந்துகொண்டே இருக்கும். அம்மா விஷயத்தில் சந்தேகம் இதுதான். 1955-இலேயே கான் என்ற மருத்துவர் விவரித்த நோய். இன்றும் நான்காவது மாத்திரையை எழுத ஆளிருக்கிறது, ஏன் குறையவில்லை என்று கேட்கத்தான் ஆளில்லை.

இப்போது அந்த ஐஸ் பெட்டிக்கு வருகிறேன். வீட்டில் எடுத்த ரத்தத்தை டியூபோடு ஐஸில் புதைத்து மலையிறக்குவார்கள். மற்ற பல டெஸ்டுக்குச் சரி. ரெனினுக்கு அது வினை. ரத்தத்தில் செயல்படாமல் தூங்கும் ரெனினும் குளிர் பட்டால் விழித்துக்கொள்ளும், அளவு பொய்யாக ஏறும், 'நார்மல்' என்று தாள் வரும். கமிஷன் வாங்குபவருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. அம்மாவையே காலையில் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய், ரெனின் பரிசோதனை அங்கேயே செய்யும் லேபில் ரத்தம் கொடுங்கள். எழுந்து இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பதையும் பஸ் பயணமே பார்த்துக்கொள்ளும். போய் இறங்கியதும் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கொடுக்கட்டும்.

அதற்கு முன் பொட்டாசியத்தைச் சரிசெய்ய வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டாம். எந்த மாத்திரையை நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். குளிருக்கு, இருமலுக்கு என்று அம்மா அதிமதுரம் மெல்கிறாரா? கஷாயப் பொடியிலும் இருக்கும், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். தினமும் அதிகம் சாப்பிட்டால் கார்டிசோல் என்ற வேறொரு ஹார்மோன் ஆல்டோஸ்டீரோன் வேலையைச் செய்ய ஆரம்பிக்கும். பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும், அம்மாவுக்கு நடப்பது அப்படியே. ஆனால் டெஸ்டில் இரண்டு ஹார்மோனும் குறைவாகவே வரும். 'மூலிகைதானே' என்று டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை. மெல்கிறார் என்றால் நான்கு வாரம் நிறுத்திவிட்டு அப்புறம் பஸ் ஏறுங்கள்.