பின்னால் நிற்கிறவன்

அன்புள்ள அண்ணே,

நான் தூத்தூர் பக்கம் கடற்கரை ஊர்க்காரன். பிளஸ் டூ படிக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்தே பள்ளி ஃபுட்பால் டீமில் இருக்கிறேன். எப்போதும் லெஃப்ட் விங்தான், முன்னால் இடது ஓரத்தில் நின்று கோலுக்குப் போகிற இடம். போன வருஷம் குறுவட்டப் போட்டியில் நான்கு கோல் போட்டேன். இந்த வருஷம் பி.டி. சார் என்னைப் பின்னால் நின்று காக்கிற லெஃப்ட் பேக்கில் போட்டுவிட்டார். என் இடத்தில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன். பந்து எதிர் டீமுக்குப் போனால் அவன் திரும்பி ஓடி வரவே மாட்டான். அவன் தடுக்க வேண்டிய ஆளையும் நானே பிடிக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் கோல் போட்டால் எல்லோரும் அவனைத்தான் தூக்கிக் கொண்டாடுகிறார்கள். அப்பா ஆழ்கடலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருந்தபோது ஒரு ஆட்டம் பார்க்க வந்தார். முடிந்ததும் ஒன்றுமே சொல்லவில்லை. அம்மா பிளஸ் டூ என்று சொல்லி களியை, அதான் விளையாட்டை, விடச் சொல்கிறாள். விட்டுவிடவா? இத்தனை வருஷம் களித்து எனக்கு என்ன கிடைத்தது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டதால் போடவில்லை.)

தம்பி,

முதலில் அம்மா விஷயம். படிப்பை விட்டுவிட்டுக் களி என்று நான் சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஒன்றரை மணிநேரம் ஓடுவதால் கெமிஸ்ட்ரி போய்விடும் என்றும் நம்பவில்லை. கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, சர்டிஃபிகேட்டுகளைப் பத்திரமாக வை. அவ்வளவுதான்.

உன் கோபம் எனக்குத் தெரியும். நான் ஆடியது கபடி. அகஸ்தீசுவரம் பக்கம் அன்றைக்கெல்லாம் ரைடர், அதாவது எதிர்ப்பக்கம் பாடிப் போகிறவன், என்றால் ஒரு மவுசு. பதினொன்றாம் வகுப்பில் என்னைக் கவரில் நிறுத்தினார்கள். கவர் என்றால் வருகிற ரைடரைப் பிடிக்கிற இடம்; ஓரத்தில் நிற்கிற கார்னர்காரன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவன் கை எப்போதும் வியர்த்து, மண் ஒட்டி, சொரசொரவென்று இருக்கும். எனக்கு அருவருப்பு. ஒரு ஆட்டத்தில் வீம்புக்கு அந்தக் கையை உதறிவிட்டுத் தனியாகப் பாய்ந்து ரைடரின் இடுப்பைப் பிடித்தேன். அவன் என்னை உப்பு மூட்டை மாதிரி இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போனான். காப்பாற்ற ஓடிவந்த கார்னர்காரனும் மாட்டி, இரண்டு பேரும் அவுட். அந்த ஆட்டம் அதோடு போயிற்று.

அவன் என்னைத் திட்டவில்லை. மறுநாள் பிராக்டிஸில் கையை நீட்டினான், அவ்வளவுதான். அப்புறம் கொஞ்ச நாளில் அந்தக் கையே பேச ஆரம்பித்தது. விரல் இறுகினால் அவன் ரைடரின் காலுக்குப் பாயப் போகிறான். தளர்ந்தால் பொறு என்று அர்த்தம். திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும். விளையாட்டு ஒழுக்கத்தைக் கற்றுத்தருகிறது என்று ஆண்டு விழா மேடையில் பேசுகிறார்களே, எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. எங்கள் டீமிலேயே ஒழுக்கம் கெட்ட நல்ல ரைடர்கள் இருந்தார்கள். இன்னொருத்தன் கையைக் கேட்கக் கற்றுக்கொண்டேன், அது மட்டும் உண்மை.

மைக்கேல் சூசைராஜை உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, நம்ம குமரி மாவட்டத்து ஃபுட்பால்காரர். 2019-இல் இந்தியாவுக்கு ஆடியவர், இடது பக்கம் பறக்கிற ஆள். அந்த 2019-20 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் கொல்கத்தா டீமான ஏ.டி.கே.யின் பயிற்சியாளர் ஹபாஸ் அவரை இடது விங் பேக்காக இறக்கினார். முன்னால் போகவும் வேண்டும், ஓடித் திரும்பிப் பின்னால் காக்கவும் வேண்டும். அந்த வருஷம் கோப்பை அவர்களுக்குத்தான். உன் சாரும் அப்படி யோசித்துத்தான் செய்தாரா, இல்லை பேக்கில் நிற்க வேறு ஆள் கிடைக்கவில்லையா, எனக்குத் தெரியாது. போய்க் கேள். 'சார், என்னை ஏன் பின்னால போட்டீங்க?' கேட்டால் அடிக்க மாட்டார்.

அப்பா பேசாததற்கு நீயாக ஒரு அர்த்தம் கட்டாதே. படகில் ராத்திரி எல்லோரும் தூங்கும்போது, கப்பல் ஏதும் வருகிறதா என்று ஒருவர் விழித்திருப்பார். மீன் பிடித்த கதையைக் கரையில் எல்லோரும் சொல்வார்கள், முழித்திருந்த கதையை யாரும் சொல்வதில்லை. அடுத்த முறை அவர் கரைக்கு வந்ததும் அந்த ராத்திரிகளைப் பற்றிக் கேட்டுப் பார்.

உன் கடிதத்தில் ஒரு வரியை நான் மூன்று தடவை படித்தேன். அந்தப் பத்தாம் வகுப்புப் பையன் திரும்பி ஓடி வரவே மாட்டான் என்று எழுதியிருக்கிறாய். போன வருஷம் நீ வந்தாயா? நான்கு கோல் போட்ட அந்த ஆட்டங்களில் உன் ஆளை யார் பிடித்தது? அப்போது லெஃப்ட் பேக்கில் நின்ற பையன் இப்போது எங்கே இருக்கிறான்? அடுத்த கடிதத்தில் எழுது.