அஸ்டாசாந்தின் குளிசை தேவையா, நண்டும் இறாலும் போதாதா?

கேள்வி: கனடாவில் இருக்கும் அக்கா அஸ்டாசாந்தின் குளிசை அனுப்பியிருக்கிறா. கண்ணுக்கும் தோலுக்கும் நல்லதாம், நண்டிலும் இறாலிலும் இருக்கும் அதே சத்துத்தானாம். யாழ்ப்பாணத்தில் அடிக்கடி நண்டு சாப்பிடும் எங்களுக்கு இது தேவையா?

பதில்:

நான் வைத்தியர் இல்லை. இங்கே உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். இந்த நிறமி எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

பாசையூர்ச் சந்தையில் நீலமாகக் கிடக்கும் நண்டு சட்டியில் விழுந்ததும் சிவக்கிறதே, அந்தச் சிவப்புத்தான் அஸ்டாசாந்தின். உயிருள்ள நண்டின் ஓட்டில் அது ஒரு புரதத்தோடு பிணைந்திருக்கும், அதனால்தான் நீலம். சூட்டில் புரதம் குலைய, நிறமியின் சொந்த நிறம் தெரிகிறது. 1938இல் ரிச்சர்ட் கூன், சோரன்சன் என்ற இரசாயனவியலாளர்கள் சிங்கி இறாலிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். கரட்டில் உள்ள பீட்டா கரோட்டினும் இதே கரோட்டினாயிட் குடும்பம்.

ஆனால் குளிசையில் இருப்பது பெரும்பாலும் நண்டிலிருந்து எடுத்ததல்ல. ஹீமடோகாக்கஸ் என்ற நன்னீர்ப் பாசியை வளர்த்து, கடும் வெளிச்சத்தில் உணவுச்சத்தைக் குறைத்து வாட்டினால் அது தன்னைக் காத்துக்கொள்ள இந்த நிறமியைச் சேர்த்துச் சிவந்துபோகும். அதைத்தான் எண்ணெயில் கரைத்து அடைக்கிறார்கள். நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் போத்தலில் 'கிரில்' என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இறால் போன்ற உயிரினம்.

சரி, நண்டு சாப்பிட்டால் போதாதா? நண்டில் இந்த நிறமியின் பெரும்பகுதி நாம் கடித்துத் துப்பும் ஓட்டில்தான் இருக்கிறது, சதையில் கொஞ்சம்தான். கறியின் சிவப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது மிளகாய்த்தூள் செய்யும் வேலை. மிளகாய்ச் சிவப்பும் கரோட்டினாயிட் வகைதான் என்பது வேறு கதை. அஸ்டாசாந்தினைத் தனியாகப் பார்க்க ஆசை என்றால், இறால் தலையையும் கோதையும் தூள் எதுவும் போடாமல் தேங்காய் எண்ணெயில் வதக்குங்கள். எண்ணெய் செம்மஞ்சளாக மாறும். கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் எண்ணெய், தேங்காய்ப்பாலோடு சாப்பிடும்போதுதான் உடம்பில் நன்றாகச் சேரும்.

பலன் என்று பார்த்தால், சோதனைக் குழாயில் இது வலுவான ஒட்சிசனேற்ற எதிரிதான், அதாவது ஒட்சிசனேற்றத்தால் வரும் கேட்டைத் தடுக்கும் பொருள். உடம்புக்குள் அதே வேகத்தில் வேலை செய்யும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கண் களைப்பு, தோலின் ஈரப்பதம் பற்றிச் சில ஆய்வுகள் நல்லதாகச் சொல்கின்றன. ஆனால் அவை சின்ன ஆய்வுகள், சில கிழமைகளே நடந்தவை, சிலவற்றுக்குத் தயாரிப்பாளர்களே காசு கொடுத்திருக்கிறார்கள். நோயை மாற்றும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

கண்தான் கவலை என்றால் நான் வேறு பக்கம் கைகாட்டுவேன். விழித்திரையின் நடுப்பகுதியில் இயல்பாகச் சேர்ந்திருக்கும் நிறமிகள் லூட்டினும் சீயாசாந்தினும்தான், அஸ்டாசாந்தின் அல்ல. லூட்டின் நிறைய இருப்பது முருங்கை இலையில். நண்டுக்கறி இறக்கும்போது எங்கள் வீடுகளில் கைநிறைய முருங்கையிலை போடுகிறோமே, கண்ணைப் பொறுத்தவரை அந்தச் சட்டியில் நண்டைவிட இலைக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

அக்கா அனுப்பியதை வீணாக்க வேண்டாம். சுகதேகியான பெரியவருக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் சொல்லியிருக்கிறது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எடுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் விட்டுவிடுவது நல்லது. இரத்தம் உறையாமல் இருக்க, பிரஷருக்கு, சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொட வேண்டாம். போத்தல் முடிந்தால் காசு கொடுத்து அடுத்ததை வாங்கச் சொல்லமாட்டேன். அப்புறம் ஒன்று, அளவு கூடினால் மலம் சிவப்பாகப் போகலாம். நிறுத்திய பிறகும் அப்படியே இருந்தால் கட்டாயம் வைத்தியரிடம் காட்டுங்கள்.