அப்பாவுக்கு பிரவுசரில் முதலில் எதைச் சொல்லித் தருவது?

போச்சம்பள்ளியில் இருக்கும் அப்பா பட்டா பார்க்க லேப்டாப்பைத் திறக்கிறார், பாதியில் "பின்னால போகவே மாட்டேங்குது" என்று போன் செய்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் டேப், அதாவது பிரவுசரின் மேலே பக்கத்துக்கு ஒன்றாக வரிசையில் தெரியும் தலைப்புகள். ஏதோ ஒரு லிங்க்கை அழுத்தியதும் பக்கம் புது டேபில் திறந்திருக்கும். ஒவ்வொரு டேபும் தான் போய்வந்த பக்கங்களை மட்டுமே நினைவில் வைத்திருக்கும்; புது டேபில் போய்வந்தது எதுவும் இல்லை, அதனால் இடது மூலை அம்புக்குறி மங்கிக் கிடக்கும். பழைய பக்கம் பக்கத்து டேபில் பத்திரமாக இருக்கிறது, அதை அழுத்தினால் போதும். தவறி மூடிவிட்டாரா? கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரும்ப வந்துவிடும். இதைத் தாளில் எழுதி லேப்டாப்பிலேயே ஒட்டிவிடுங்கள்.

எழுத்து பொடியாக இருந்தால் கன்ட்ரோலோடு பிளஸ். பழையபடி ஆக்க கன்ட்ரோலோடு பூஜ்யம்.

அப்புறம் முகவரிப் பட்டை. அதில் 'பட்டா சிட்டா' என்று அடித்தால் தேடல் முடிவுகள்தான் வரும், மேலே விளம்பரமும் இருக்கலாம். அரசின் பட்டா தளம் 'இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்' (eservices.tn.gov.in). ஒருமுறை நீங்களே திறந்து, நட்சத்திரக் குறியை அழுத்தி புக்மார்க் போட்டுக்கொடுங்கள். பணம் கட்டும்போது மட்டும் ரீலோட் பொத்தானைத் தொட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.