கீழக்குயில்குடி மரபு நடை: எத்தனை பேர், எவ்வளவு பேச்சு?

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு மரபு நடை நடத்தத் தொடங்கியிருக்கிறோம். முதல் நடை கீழக்குயில்குடி சமணர் மலை. வாட்ஸப்பில் செய்தி போட்டதும் எழுபது பேர் வந்துவிட்டார்கள். பேச்சிப்பள்ளத்தில் பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் நின்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சமணர்களைக் கழுவேற்றிய கதை பற்றிக் கேட்க, அது வாக்குவாதமாகி நேரம் போய்விட்டது. செட்டிப்புடவு குகையில் ஊர்ப் பெரியவர் ஒருவர், அங்குள்ள சிற்பத்தைக் காட்டி, "இது செட்டியார் சிலை" என்றார். திருத்துவதா வேண்டாமா என்று குழம்பிப்போனோம். அடுத்த முறை எப்படி நடத்தலாம்?

எஸ். கே., திருமங்கலம்

அன்புள்ள எஸ். கே.,

எழுபது பேர் ஞாயிறு காலையில் எழுந்து மலைக்கு வருவது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் பேச்சிப்பள்ளம் எழுபது பேருக்கான இடம் அல்ல. பாறைச் சரிவில் எட்டுச் சமணத் திருமேனிகள், அதாவது சிற்பங்கள், வரிசையாக இருக்க, அவற்றுக்கு முன்னால் குறுகலான இடமே உண்டு. அங்கே பதினைந்து பேருக்கு மேல் நிற்காவிட்டால்தான் எல்லோரும் கல்வெட்டு எழுத்தைப் பார்க்க முடியும். அதனால் ஒரு நடைக்கு முப்பது பேர் என்று வரம்பு வையுங்கள். அதையும் இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஓர் அணி மேலே ஏறும்போது மற்றது கீழே அய்யனார் கோயில் தாமரைக் குளத்தங்கரையில், ஆலமர நிழலில் உட்கார்ந்து எழுத்துத் தாளைப் படிக்கட்டும். கூடுதலாகப் பெயர் கொடுத்தவர்களுக்கு அடுத்த ஞாயிறு என்று சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று பொறுப்பாளர் இருவர் கட்டாயம் வேண்டும். கடைசியில் வருபவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது.

எழுத்துத் தாள் என்றேனே, உங்கள் நடையில் விட்டுப்போனது அதுதான். கல்வெட்டை நாம் படித்துச் சொல்லும்வரை அது வந்தவர்களுக்கு வெறும் கீறல். அவர்களே ஒரு சொல்லைப் படித்துவிட்டால் படம் எடுக்கும் கை தானாக இறங்கும். ஒரு ஏ4 தாளின் ஒரு பக்கத்தில், இந்தக் கல்வெட்டுகளில் உள்ள பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தின் வரிவடிவங்களை இன்றைய எழுத்துக்கு நேராக அச்சிடுங்கள். மறுபக்கத்தில் ஒரே ஒரு கல்வெட்டு. அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சிறியது, பொருள் உடனே விளங்குவது, ஒரு பெண்ணின் கொடையைச் சொல்வது. அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ப, வ போன்ற சில எழுத்துகள் வட்டெழுத்தில் ஒன்றுபோலத் தெரியும் என்பதையும் மெய்யெழுத்துக்குப் புள்ளி எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மூன்றாவது எழுத்திலேயே பலர் கைவிட்டுவிடுவார்கள்.

எழுத்து தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். நேர் வெயிலில் பள்ளமும் மேடும் ஒரே நிறமாகிவிடும். ஒருவர் குடை பிடித்துப் பாறைமேல் நிழல் உண்டாக்க, இன்னொருவர் கைப்பேசி டார்ச்சைப் பாறையை ஒட்டினாற்போல் ஓரடி தள்ளிப் பிடித்தால் கீறல்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். இடப்பக்கமிருந்து ஒருமுறை, மேலிருந்து ஒருமுறை பிடித்துப் பாருங்கள். ஒன்றில் மறைந்த கோடு மற்றதில் தெரியும்.

சுண்ணக்கட்டி, மாவு, மஞ்சள், எண்ணெய் எதையும் யாரும் தடவ விடாதீர்கள். சுண்ணக்கட்டியால் தப்பாக இழுத்த கோடு அடுத்து வருபவருக்கு எழுத்தாகவே தெரியும். எண்ணெய் தூசியைப் பிடித்துக் கீறலை அடைத்துவிடும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இதைக் குளத்தங்கரையிலேயே சொல்லிவிட வேண்டும். மைப்படி (கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மையால் எடுக்கும் படி) எடுக்க ஆசைப்படுபவர்களிடம், தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் கூடாது என்று கறாராகச் சொல்லுங்கள்.

ஓரிடத்தில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். பேசுபவர் சூரியனைப் பார்த்து நிற்கட்டும், கேட்பவர்கள் சூரியனுக்கு முதுகு காட்டி உட்காரட்டும். வழக்கமாக இது தலைகீழாக நடப்பதால்தான் கண் கூசி ஆட்கள் நகர்ந்துவிடுகிறார்கள். இடுப்பில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கி போதும்.

காலை ஆறரைக்கு ஏறத் தொடங்குங்கள். முதலில் பேச்சிப்பள்ளம், பிறகு செட்டிப்புடவு. ஒன்பது மணிக்கு மேல் மேலே பாறை சுடும், குகைக்குள் நிழல் உண்டு. மழைக்காலத்தில் பாசி பிடித்த பாறை வழுக்கும், முந்தின நாள் மழை பெய்திருந்தால் நடையைத் தள்ளிப்போடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறதா என்று முந்தின நாள் ஒருவர் போய்ப் பார்த்து வர வேண்டும். வாசனைத் தைலமும் புகையும் தேனீயைக் கிளப்பிவிடும்.

இனி கழுவேற்றம். ஒவ்வொரு சமணர் மலை நடையிலும் இந்தக் கேள்வி வரும். தவிர்க்காதீர்கள், விவாதமாகவும் ஆக்காதீர்கள். மூன்று காலங்களை வரிசையாக வையுங்கள். சமணரை வாதில் வென்றதாகச் சொல்லப்படும் சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு. அந்த வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறியதை விரித்துச் சொல்லும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு. நீங்கள் நிற்கும் இடத்தின் சிற்பங்களும் வட்டெழுத்தும் இடையில், 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பேச்சிப்பள்ளத்துக்கு மேலே அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறதே, அந்த மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளி (வழிபாட்டிடம்) பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்தது. சம்பந்தருக்கு இருநூறு ஆண்டு கழித்தும் பாண்டிய நாட்டில் சமணப் பள்ளி அரச ஆதரவோடு இருந்தது என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி. அதற்குமேல் முடிவு சொல்வது நடை நடத்துபவரின் வேலை இல்லை. கல் என்ன சொல்கிறது, நூல் என்ன சொல்கிறது என்று பிரித்துக் காட்டிவிட்டால் பெரும்பாலான வாக்குவாதம் அடங்கும்.

இதே இடத்தில் இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. "இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சிற்பங்கள்" என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளுக்குப் போகிறவை இதே மலைத்தொடரின் மேற்கே முத்துப்பட்டியில் உள்ள, துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய கற்படுக்கைகளும் வட்டெழுத்துக்கு முந்தைய எழுத்தான தமிழ் பிராமியில் உள்ள கல்வெட்டுகளும். சிற்பங்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிந்தியவை. இரண்டையும் ஒன்றாக்கினால் அந்த ஆயிரம் ஆண்டு வரலாறு தொலைந்துபோகிறது.

செட்டியார் சிலை என்ற பெரியவரைத் திருத்தாதீர்கள். அது மகாவீரர் என்று உங்கள் குழுவுக்குச் சொல்லுங்கள். அவரிடம் ஊர் வழக்கைக் கேளுங்கள்: யார் சொல்லித் தெரியும், அங்கே விளக்கு வைப்பதுண்டா, ஆடு மாடு மேய்த்த காலத்தில் குகையை என்னவென்று அழைத்தார்கள் என்றெல்லாம். அவர் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்து, தேதியும் இடமும் சேர்த்து எழுதிவையுங்கள். சமணத் துறவிகள் போன பிறகு அந்தச் சிற்பத்தை ஊர் தன் மொழியில் ஏற்றுக்கொண்ட வரலாறு எந்தக் கல்வெட்டிலும் கிடைக்காது. அவரிடம்தான் இருக்கிறது.

உண்மையில் அவரை முதல் நடைக்கே அழைத்திருக்க வேண்டும். மதுரையைச் சுற்றி எத்தனை குன்றுகள் கிரானைட்டுக்காக அறுபட்டன என்று உங்களுக்குத் தெரியும். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது. அதற்காக வீதிக்கு வந்தவர்கள் அந்த ஊர்களின் மக்கள். மலையடியில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும் நடையால் மலைக்கு ஒரு பயனும் இல்லை. ஊராட்சித் தலைவரிடமும் அய்யனார் கோயில் பூசாரியிடமும் ஒரு வாரம் முன்பே நேரில் போய்ச் சொல்லுங்கள், திருவிழா நாளா என்பதும் தெரிந்துவிடும். காலை இட்லியை மதுரையிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போகாமல் ஊரிலேயே சொல்லிவையுங்கள். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு அந்த முப்பதில் இடம் ஒதுக்குங்கள். எழுத்துத் தாள் அவர்களுக்கும் வேண்டும்.

இரண்டாவது நடைக்கு வேறு ஊர் தேட வேண்டாம். கீழக்குயில்குடிக்கே மறுபடி போங்கள், இந்த முறை குணமதியாரின் கல்வெட்டு மட்டும். அதைப் படித்து முடித்தவர்களை மூன்றாவது மாதம் முத்துப்பட்டிக்கு அழைத்துப்போகலாம். அங்கே தமிழ் பிராமி என்பதால் வேறு எழுத்துத் தாள் அச்சிட வேண்டியிருக்கும்.