மண் செத்துவிட்டது என்று கேன் விற்க வருகிறவர்கள்

பண்ருட்டிப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தானே புயலில் முந்திரி சாய்ந்த ஒன்றரை ஏக்கரைக் காடாகவே விட்டுவிட்டாராம். 'வெயிலில் மண்ணிலுள்ள நுண்ணுயிரெல்லாம் செத்துவிட்டது, காட்டு நுண்ணுயிர் கேன் ஊற்றினால்தான் மரம் பிழைக்கும்' என்று ஒருவர் வந்து நிற்கிறார், வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள். சூடு கொஞ்சம் ஏறினால் அவை சாவதில்லை, அகோரப் பசியோடு தின்னும், கவலையே அதுதான். மண்ணில் சேர்ந்த மக்கைத் தின்று கரியமில வாயுவாக விட்டுவிடும். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் காட்டு மண்ணை 4 டிகிரி சூடாக்கி இரண்டு வருடம் பார்த்தார்கள், மண்ணிலிருந்து வந்த கரியமில வாயு 55 சதவீதம் கூடியது. அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1991 முதல் மண்ணுக்குள் கம்பி புதைத்து 5 டிகிரி ஏற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே சில வருடம் தின்றன, சில வருடம் ஓய்ந்த மாதிரி இருந்தன, அதற்குள் நுண்ணுயிர்க் கூட்டமே மாறிப்போய் மறுபடி தின்ன ஆரம்பித்தன.

ஆனால் ஒன்று, இதெல்லாம் ஈரம் இருந்தால்தான். சித்திரையில் நம் செம்மண் பொரிந்து கிடக்கும்போது அவை தின்னவும் முடியாமல், பெரும்பாலும் சாகவும் செய்யாமல் சுருண்டு கிடக்கும், ஒரு கோடை மழை விழுந்ததும் எழுந்து ஒரே மூச்சில் வேலை செய்யும். மழைக்கு ரெண்டு நாள் கழித்துச் சருகை விலக்கிப் பாருங்கள், வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை ஓடியிருக்கும். கேன்காரர் ஏன் கோடையில் வருகிறார் என்று இப்போது புரிகிறதா? காய்ந்த மண் செத்த மண் போலவே தெரியும். அந்த மண்ணில் ஊற்றினால் முதலில் சாவது அவர் கேனில் இருப்பதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது, முந்திரிக்கொட்டை பொறுக்குவதற்காக அடியைப் பெருக்கிச் சருகைக் கொளுத்தும் பழைய பழக்கத்தைக் காட்டுப் பகுதியில் விட்டுவிடுவது. சருகும் நிழலும் இருந்தால் சூடும் குறையும், தின்றது போக மக்கும் சேரும். ஆரோவில் மேடு 1968-ல் கட்டாந்தரை. வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தி, மரம் நட்டுத்தான் அங்கே காடு வந்தது.

மண்ணைப் பரிசோதித்து அரசு தரும் மண் வள அட்டையைக் காட்டி அவர் பேசினால் நம்பாதீர்கள். அதில் 12 கட்டம் இருக்கிறது, நுண்ணுயிருக்கு ஒரு கட்டம்கூட இல்லை. இதை ஒரு அதிகாரியிடம் கேட்டேன், 'ஃபார்மட் அப்படித்தான் சார்' என்றார்!

உயிர் உரம் வேண்டுமென்றால் எந்த உயிர், மில்லிக்கு எத்தனை, காலாவதி எப்போது என்று லேபிளில் இருக்க வேண்டும். வெறும் 'காட்டு நுண்ணுயிர்' என்பது பெயரே இல்லை. முன்பணம் 500 கொடுத்துவிட்டதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். பில் இருந்தால் திருப்பிக் கேளுங்கள், இல்லையென்றால் மீதியையாவது கொடுக்காதீர்கள்.