அதிகாரி மாறிவிட்டார், பிள்ளைகளின் நிலை என்ன?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் மாலை வகுப்பு நடத்துகிறேன். என்னிடம் படிக்கும் 8 வயதுச் சிறுமியும் அவள் தம்பியும் பல இரவுகள் லயத்து வீட்டில் தனியாக இருக்கிறார்கள். மூன்று வாரங்களுக்கு முன் 15999 என்ற அரசாங்க உதவி எண்ணுக்கு அழைத்துச் சொன்னேன். ஓர் அதிகாரி வந்து பார்த்தார். இப்போது அவர் மாற்றலாகிவிட்டாராம். புதியவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இனி என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரி, சமூக நல இலாகாவில் பல ஆண்டுகள் சிறார் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவள் நான். மாற்றலாகி வரும் அதிகாரிக்கு முதல் நாளே மேசை நிறையக் கோப்புகள் காத்திருக்கும். உங்கள் பிள்ளைகளின் முகம் அவருக்குத் தெரியாது. தாளில் எழுதியிருப்பது மட்டுமே தெரியும்.

ஒரு பிள்ளையைப் பாதுகாப்பில் எடுத்தால், 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். மருத்துவமனைக்கு அழைத்துப்போவதும் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவதும் அதே அதிகாரிதான். முதியோர் உதவித்தொகையும் வெள்ள நிவாரண மையமும் அதே மாவட்ட அலுவலகத்தின் தலையில்தான். ஆள் குறைவான இடத்தில் ஒரு நீதிமன்ற வழக்கு வந்தாலே மற்ற வீடுகளுக்குப் போவது தள்ளிப்போகும். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. அதற்கான விலையைப் பிள்ளைகள்தான் கொடுக்கிறார்கள்.

அதனால் உங்கள் புகார் ஒருவரின் நினைவை நம்பி இருக்கக் கூடாது. "பிள்ளைகள் பாவம், யாரும் கவனிப்பதில்லை" என்ற வரியை நான் நூறு முறை படித்திருக்கிறேன். அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடிந்ததில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி இப்படி எழுதுங்கள்: "திங்கள், இரவு 9.40. வீடு பூட்டியிருந்தது. இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பில் கொடுத்த ரொட்டியில் பாதியை அக்காள் தம்பிக்காகத் தாளில் மடித்து வைத்திருந்தாள். தாய் 11.15-க்கு வந்தார்." கண்டதை மட்டும் எழுதுங்கள், ஊகம் வேண்டாம். பெற்றோரின் வேலை நேரத்தையும் குறியுங்கள். வறுமையால் வந்த தனிமைக்கும் அலட்சியத்துக்கும் தீர்வு வேறு வேறு.

பிறகு 15999-க்கு மீண்டும் அழைத்து, பழைய புகாரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் குறிப்பின் நகலை நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். புதிய அதிகாரியின் பெயரையும், அவர் வீட்டுக்கு வரும் நாளையும் கேளுங்கள். நாள் தவறினால் அலுவலகத் தலைவரைப் பாருங்கள். விசாரணையின் முடிவை அவர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். அது பிள்ளைகளின் அந்தரங்கம். புகார் கொடுத்தவர் யார் என்பதையும் சட்டம் காக்கிறது.

காயம், நெருப்பு, குடிபோதையில் அடி என்று எது கண்ணில் பட்டாலும் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், உடனே 999. பிள்ளையைப் பாதுகாப்பில் எடுக்கப் போலீசுக்கும் அதிகாரம் உண்டு.

இன்னொன்று, தம்பியின் வயதை நீங்கள் எழுதவே இல்லை. எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று பார்க்கும்போது என் கண் தேடியது அந்த எண்ணைத்தான். நோட்டின் முதல் வரியில் அதை எழுதுங்கள்.