குளிர் அலை அறிவிப்பை நம்பி 12 லட்சத்துக்குச் சரக்கு போடலாமா?

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். சென்ற ஆண்டு முதல் டெல்லி காந்தி நகர் மொத்த வியாபாரி ஒருவருக்குத் தெர்மல் உள்ளாடை செட் அனுப்பி வருகிறேன். வட இந்தியச் சமவெளியில் இந்த முறை குளிர் அலை நாட்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும் என்று டிசம்பர் முதல் வாரச் செய்தியில் பார்த்தேன். மறுநாளே அவர் போனில் அழைத்து 5,000 செட் கேட்டார். பணம் ஹோலிக்குப் பிறகு. செட்டுக்கு அடக்கம் 240 ரூபாய், விலை 290. சாயம் போட்டு முடித்த துணி 1,000 செட்டுக்குக் கையில் இருக்கிறது. மொத்தம் 12 லட்சம் தேவை. மகளின் கல்லூரிக்கு வைத்திருக்கும் வைப்புநிதியை உடைப்பதா, மனைவியின் நகையை அடகு வைப்பதா? சென்ற பருவத்துக் கணக்குத் தாளை இணைத்திருக்கிறேன்.

பதில்: இரண்டும் வேண்டாம். 5,000 செட்டும் வேண்டாம். கையில் இருக்கும் துணிக்கு மட்டும் தையுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

வானிலைத் துறையின் அறிவிப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது எதைச் சொல்கிறது என்பதுதான் கேள்வி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மூன்று மாதத்துக்குமான நிகழ்தகவு அது. வெப்பநிலை இயல்புக்குக் கீழே, இயல்பு, இயல்புக்கு மேலே என்று மூன்று வாய்ப்புகள். எந்தத் தகவலும் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். ஒரு பகுதிக்கு ‘இயல்புக்குக் கீழே’ 50 சதவீதம் என்று வந்தாலே அது வலுவான சாய்வுதான். அப்போதும் மீதி 50 சதவீதம் மறுபக்கத்தில் இருக்கிறது. அந்தக் குளிர் எந்த வாரத்தில் வரும் என்பதை அது சொல்வதில்லை. மேற்கிலிருந்து மேகமும் மழையும் கொண்டு வரும் ‘மேற்கத்திய இடையூறு’ ஒன்று கடக்கும்போது மேகம் மூடி இரவு வெப்பம் ஏறும். அது நகர்ந்த பிறகு இமயமலைப் பனியைத் தொட்டு வரும் வடமேற்குக் காற்று சமவெளியை நடுங்க வைக்கும். இந்த வரத்துப்போக்கின் தேதியை இரண்டு மாதம் முன்னால் யாராலும் குறிக்க முடியாது.

உங்களுக்கோ தேதிதான் எல்லாமே. புதிதாக நூல் எடுத்து, நிட்டிங் முடித்து, சாயப்பட்டறைக்குப் போய், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்துவது), கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் ஆகி வெளிவர உங்கள் அளவுள்ள கம்பெனிக்கு நான்கு வாரம் பிடிக்கும். பிறகு 2,000 கிலோமீட்டருக்கு மேல் லாரிப் பயணம். வடக்கே மூடுபனி இறங்கினால் அதுவும் தள்ளிப்போகும். பொங்கலையொட்டித்தான் சரக்கு காந்தி நகரில் இறங்கும். சில்லறைக் கடைக்காரர் தள்ளுபடிப் பலகை மாட்ட யோசிக்கும் நேரம் அது.

2023-ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரி 8 அன்று டெல்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.9 டிகிரி. சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே போனாலே குளிர் அலை. இது அதையும் தாண்டியது. அடுத்த மாதமே கதை மாறியது. அந்தப் பிப்ரவரியில் நாட்டின் சராசரிப் பகல் வெப்பநிலை, 1901 முதல் உள்ள பதிவுகளில் எந்தப் பிப்ரவரியிலும் இல்லாத உச்சத்தைத் தொட்டது. ஒரே குளிர்காலத்துக்குள் இரண்டும் நடந்தன. பிந்தி வந்து இறங்கிய சரக்குக்கு ஜனவரி 8-இன் நடுக்கத்தால் என்ன பயன்?

நீங்கள் அனுப்பிய தாளுக்கு வருகிறேன். 1,800 செட் போயிருக்கிறது. கடைசி வரிக்குக் கீழே பென்சிலில் ‘மால் வாபஸ் 430’, அதாவது 430 செட் திரும்பி வந்தது, என்று எழுதி, 20-2-2025 என்று தேதி போட்டிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்கோ கண் அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பிப்ரவரியும் 1901-க்குப் பிறகு சராசரி வெப்பநிலையில் முதலிடம் பிடித்த பிப்ரவரி. நான்கில் ஒரு பங்குக்கு நெருக்கமாகச் சரக்கு திரும்பியிருக்கிறது, அதற்கான நட்டத்தை நீங்கள் மட்டும் சுமந்திருக்கிறீர்கள்.

அதே கணக்கை இந்த ஆர்டரில் வைத்துப் பார்ப்போம். முழுதும் விற்றால் 2.5 லட்சம் லாபம். 12 லட்சத்துக்கு நகைக்கடன், ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்தால் மாதம் 12,000; மார்ச் முடிய நான்கு மாதத்துக்கு 48,000. மிஞ்சுவது 2.02 லட்சம். திரும்பி வரும் செட்டை ஸ்டாக் லாட்டாக, அதாவது தேங்கிய சரக்காக மொத்தமாக மலிவு விலைக்கு, தள்ளினால் 120 ரூபாய் கிடைப்பதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 120 ரூபாய் நட்டம், வரவேண்டிய 50 ரூபாயும் இல்லை, ஆக 170. ஏறக்குறைய 1,190 செட் திரும்பினாலே முழு லாபமும் கரைந்துவிடும். 5,000-இல் அது 24 சதவீதம். சென்ற முறை உங்களுக்குத் திரும்பியதும் அதே 24 சதவீதம்தான். 2,000 செட் திரும்பினால் வட்டியோடு சேர்த்து 1.38 லட்சம் கையை விட்டுப் போகும். போக்குவரத்துச் செலவை நான் சேர்க்கவே இல்லை.

வைப்புநிதியை உடைத்தால் இந்த வட்டி மிச்சம்தானே என்று தோன்றும். முன்கூட்டி எடுப்பதற்கான வட்டிக் குறைப்பு சிறிய விஷயம். ஹோலிக்குப் பிறகு வரவேண்டிய பணம் மே மாதத்துக்குத் தள்ளிப்போனால், கல்லூரி சேர்க்கைக் கட்டணத்துக்கு எங்கே போவீர்கள்? தேதி குறித்த செலவுக்கான பணத்தைத் தேதி இல்லாத வரவில் போடக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

1,000 செட்டுக்கான துணியை ஓரிரு நாளில் கட்டிங்குக்கு அனுப்பினால் கிறிஸ்துமஸ் நேரத்தில் டெல்லி சேர்ந்துவிடும். அந்த வேகம்தான் இப்போது உங்களிடம் இருக்கும் ஒரே பலம். அதற்குப் பாதிப் பணம் முன்பணமாகவும், மீதி லாரி ரசீதைக் காட்டியதும் தரவேண்டும் என்று கேளுங்கள். திரும்ப எடுப்பதில்லை என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். குளிர் கூடும் என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி இருந்தால் முன்பணம் தரத் தயங்கமாட்டார். தயங்கினால் அந்த உறுதி எவ்வளவு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மத்திய அரசின் சிறு தொழில் பதிவான உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் உடனே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்குபவர், எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பது சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஹோலி வரை என்பது அந்த வரம்பைத் தாண்டுகிறது. வழக்குக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. பில்லில் உத்யம் எண்ணும் 45 நாள் கெடுவும் அச்சாகியிருந்தால் பேச்சின் தொனியே மாறும்.

அடுத்த பருவத்துக்கு மே, ஜூனிலேயே உங்கள் வங்கியில் கேஷ் கிரெடிட் வரம்பு (தேவைப்படும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன்) கேளுங்கள். சிறு தொழிலுக்கான கடன் உத்தரவாத நிதியின் கீழ் சொத்து அடமானம் இல்லாமலே பெற வழி இருக்கிறது. சரக்கில் பெரும்பங்கை செப்டம்பர், அக்டோபரில் அனுப்பிவிடுங்கள். மீதிக்குத் துணியைச் சாயம் போடாமல் வைத்திருந்தால், குளிர் ஏமாற்றினாலும் அதை வேறு நிறத்தில் குழந்தைகள் உடுப்புக்குத் திருப்பலாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும். நாளைக் காலையில் டெல்லிக்காரரிடம் 1,000 செட்டுக்கு அளவு வாரியாகப் பட்டியல் கேளுங்கள். முன்பணம் கணக்கில் ஏறிய பிறகு கட்டிங்கைத் தொடங்குங்கள்.